பீர்ல மருந்து வாடை: டேப் தண்ணி குளோரினை அறிகுறி பாத்து பிடிக்கற வழி

வீட்ல ப்ரூ பண்றவங்க "கொஞ்சம் மோந்து பாருங்க, என்னமோ சரியில்ல"ன்னு பாட்டிலை நீட்டறப்ப நான் திரும்பத் திரும்ப பாக்கற கோளாறு ஒண்ணு இருக்கு. மால்ட் நல்ல மால்ட், ஹாப்ஸ் புதுசு, ஈஸ்ட் ஒழுங்கா ஓடி முடிச்சிருக்கு, ஆனா கிளாஸ் மூக்கு கிட்ட வந்ததும் டெட்டால் வாடை. சிலர் பேண்டேஜ் வாடைம்பாங்க, சிலர் ஆஸ்பத்திரி வாடைம்பாங்க, சிலர் பிளாஸ்டிக்ம்பாங்க. தண்ணியில இருந்த குளோரின், தானியத்துல இருக்கற ஃபீனாலோட சேந்து குளோரோஃபீனாலா மாறி உக்காந்துருச்சு, அவ்ளோதான் தியரி, இதுக்கு மேல இங்க வேண்டாம்.

ரெண்டே விஷயம் மனசுல வச்சுக்கிட்டு கீழ போங்க. ஒண்ணு, இந்த வாடை பீர்ல ஒரு தடவ வந்துட்டா திரும்ப எடுக்க முடியாது, நாள் கணக்கா வச்சாலும் போகாது, கார்பன் வழியா விட்டா பீரோட மணமும் சேந்து போயிடும், அதனால கீழ இருக்கற எல்லாமே அடுத்த பேட்ச்சை காப்பாத்தத்தான். ரெண்டு, உங்க டேப்ல வர்றது வெறும் குளோரினா இல்ல குளோரமினான்னு (அம்மோனியா சேத்த குளோரின்) தெரியாம எந்த வைத்தியமும் பண்ணாதீங்க. குளோரின் திறந்து வச்சா பறந்துடும், குளோரமின் பறக்காது. பாதி பேரு பாடுபட்டும் பலன் இல்லாம நிக்கறது இந்த இடத்துலதான்.

முன்னாடியே வாங்கி வச்சுக்க வேண்டியது கொஞ்சம்தான்: தண்ணியில இருக்கற குளோரினை தீக்கற கேம்ப்டன் மாத்திரை (பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டோ சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டோ, ரெண்டும் ஒரே வேலைதான் செய்யும்), தண்ணியில குளோரின் எவ்ளோன்னு நிறத்துல காட்டற, நீச்சல்குளத்துக்கு விக்கற டி.பி.டி. டெஸ்ட் கிட், அதுலயும் "ஃப்ரீ" "டோட்டல்" ரெண்டையும் (வெறும் குளோரின், குளோரமினும் சேந்த மொத்தம்) தனித்தனியா அளக்கறது, அப்புறம் மூடி இறுக்கமா இருக்கற ரெண்டு கண்ணாடி ஜாடி.

## அறிகுறி 1: டேப் தொறந்ததும் நீச்சல்குள வாடை

இது இருக்கறதுலயே சுலபமான கேஸ், பயப்படவே வேண்டாம்.

முதல்ல பாருங்க: பச்சத்தண்ணி டேப்லயா, சுடுதண்ணி டேப்லயா? ப்ரூவுக்கு எப்பவும் பச்சத்தண்ணி டேப்தான் எடுக்கணும், ஹீட்டர் வழியா வர்ற தண்ணியில அந்த டேங்க்கோட வாடையெல்லாம் சேந்து வரும். அழுகின முட்டை வாடை சுடுதண்ணியில மட்டும் வந்தா அது குளோரினே இல்ல, ஹீட்டர் உள்ள நடக்கற வேற சங்கதி, அதுக்கு பிளம்பர்தான்.

டெஸ்ட்: ஜாடியில பாதி தண்ணி பிடிச்சு மூடி போட்டு நல்லா குலுக்கி, தொறந்த உடனே மோந்து பாருங்க. வாடை அடிச்சா குளோரின் இருக்கு. அடிக்கலன்னா இல்லன்னு அர்த்தம் இல்ல, குளோரமின் ரொம்ப அடங்கித்தான் இருக்கும், அப்ப அறிகுறி 3க்கு போங்க.

சரி பண்றது, செலவு கம்மியா இருந்து மேல:

வாய் அகலமான பாத்திரத்துல பிடிச்சு மூடாம ராத்திரி முழுக்க வையுங்க, மெல்லிய துணி மட்டும் மேல போடுங்க. வெறும் குளோரின்னா பெரும்பாலும் காலையில போயிருக்கும், அகலமான பாத்திரத்துல சீக்கிரம் போகும், குறுகின வாய் கேன்ல வச்சா ஒரு நாள் ஆனாலும் நிக்கும். அவசரம்னா நல்லா தளதளன்னு 15, 20 நிமிஷம் கொதிக்க விடுங்க, அதுவும் வெறும் குளோரினுக்கு போதும்.

நான் ரெண்டும் பண்றதில்ல, நேரா கேம்ப்டன் போட்டுடுவேன், ஏன்னா மாத்திரை ரெண்டு வகை குளோரினையும் சில நிமிஷத்துல தீத்துடும், எந்த ஊர் தண்ணி எந்த மாசம் எப்படி மாறும்னு கவலையே இல்ல. கணக்கு இதுதான்: ஒரு மாத்திரை சுமார் 75 லிட்டருக்கு. 20 லிட்டர் பேட்ச்சுக்கு கால் மாத்திரை. கத்தியால நாலா வெட்டி, ரெண்டு ஸ்பூனுக்கு நடுவுல வச்சு நல்லா பொடி பண்ணி, அரை டம்ளர் தண்ணியில கரைச்சு அப்புறம் பெரிய பாத்திரத்துல ஊத்தி கிளறுங்க, முழுசா போட்டா அடியில போய் கிடந்துடும், மேல் தண்ணிக்கு ஒண்ணும் ஆகாது. கரைஞ்சு கலந்ததும் வேலை முடிஞ்ச மாதிரிதான், நான் அஞ்சு பத்து நிமிஷம் விட்டுட்டு அடுத்த வேலைக்கு போவேன்.

மாத்திரைக்கு பதிலா பொடி வாங்கினா 20 லிட்டருக்கு வெறும் 0.1 கிராம்தான் வேணும், சமையல் தராசுல அது நிக்காது. 1 கிராம் பொடிய 100 மில்லி தண்ணியில கரைங்க, அதுல இருந்து 10 மில்லி சிரிஞ்சுல எடுத்து 20 லிட்டருக்கு ஊத்துங்க. மிச்சத்த கொட்டிடுங்க, கரைசல் வச்சிருந்தா வீரியம் போயிடும்.

எப்ப ஆளைக் கூப்பிடணும்: டெஸ்ட்ல குளோரின் லிட்டருக்கு 4, 5 மில்லிகிராமுக்கு மேல காட்டினா. உலக சுகாதார நிறுவனத்தோட குடிநீர் வழிகாட்டி அளவே 5 மில்லிகிராம், அமெரிக்காவுல உச்ச வரம்பு 4. அதுக்கு மேல போனா ப்ரூ விஷயம் இல்ல, குடிக்கற விஷயம், தண்ணி குடுக்கற அலுவலகத்துக்கு போன் போடுங்க. சொந்த தொட்டி இருந்தா அதுக்கு முன்னாடி வீட்ல கேளுங்க, யாராவது தொட்டி கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டிருப்பாங்க.

## அறிகுறி 2: தண்ணியில ஒண்ணும் தெரியல, பீர்ல மட்டும் மருந்து வாடை

இதுதான் நிறைய பேரை அழ வைக்கற கேஸ், ஏன்னா தண்ணிய குடிச்சா நல்லா இருக்கு, அதனால தண்ணி மேல சந்தேகமே வராது. ஆனா குளோரோஃபீனால் துளியூண்டு இருந்தாலே நாக்குக்கு தெரிஞ்சுடும், லிட்டர்ல மைக்ரோகிராம் கணக்குல இருந்தாலே போதும், அதனால "வாடை வராத அளவு குளோரின்" ப்ரூவுக்கு கம்மியான அளவு இல்ல.

முதல்ல இது குளோரின் வாடைதானான்னு பிரிங்க. அதே பேட்ச்ல ஒரு பாட்டிலை இப்ப தொறங்க, இன்னொண்ண ரெண்டு மூணு வாரம் கழிச்சு தொறங்க.

- வாடை முதல் நாள்ல இருந்தே இருக்கு, அதே அளவுல நிக்குது, நுரை சரியா இருக்கு, புளிப்பு இல்ல: குளோரோஃபீனால்தான். கீழ படிங்க.
- நாளாக நாளாக வாடை ஏறுது, தொறந்தா நுரை பொங்கி வழியுது, பீரோட கெட்டி போய் தண்ணியா இருக்கு, கிராவிட்டி (பீரோட அடர்த்தி அளவு) எதிர்பாத்ததுக்கு கீழ போயிருக்கு: இது காட்டு ஈஸ்ட் புகுந்தது. குளோரினை எவ்ளோ எடுத்தாலும் சரியாகாது, சுத்தம்தான் பாக்கணும், பிளாஸ்டிக் குழாய், ரப்பர் வளையம், கீறல் விழுந்த ஃபெர்மென்டர் (பீர் புளிக்கற பாத்திரம்) எல்லாத்தையும் மாத்திடுங்க.
- மருந்துன்னு சொல்ல முடியல, கிராம்பு மாதிரி இருக்கு, கோதுமை பீர் ஈஸ்ட் போட்டிருக்கீங்க: அது அந்த ஈஸ்ட்டோட குணம், கோளாறே இல்ல.

குளோரோஃபீனால்னு முடிவானதும், காரணத்த இந்த வரிசையில தேடுங்க.

காரணம் அ: எல்லா தண்ணிக்கும் மருந்து போடல. நான் பாத்த வரைக்கும் மத்த காரணம் எல்லாத்தையும் இது முந்திடும். மேஷ் தண்ணிக்கு (மால்ட்டை ஊற வைக்கறது) கேம்ப்டன் போடுவாங்க, ஸ்பார்ஜ் தண்ணிக்கு (ஊறின மால்ட்டை அலசறது) போட மாட்டாங்க. இல்ல ரெண்டுக்கும் போட்டுட்டு, கொதி முடிஞ்சதும் அளவு குறைஞ்சிருக்கேன்னு ரெண்டு லிட்டர் டேப்ல இருந்து நேரா பிடிச்சு ஃபெர்மென்டர்ல ஊத்துவாங்க. எக்ஸ்ட்ராக்ட்ல (கடையில விக்கற மால்ட் சாறு) பண்றவங்களுக்கு இது இன்னும் பெருசு, பாதி பேட்ச்சே பச்சத்தண்ணிதான். இன்னும் கவனிக்காம விடற இடங்கள்: ஈஸ்ட்டை ஊற வைக்கற தண்ணி, ஈஸ்ட்டை பெருக்க ஸ்டார்ட்டர் போடற தண்ணி, பாட்டில்ல அடைக்கறப்ப போடற ப்ரைமிங் சர்க்கரை கரைக்கற தண்ணி, உலர் ஹாப்ஸ் பையை அலசற தண்ணி. ஒரு பேட்ச் தொடங்கறதுக்கு முன்னாடியே அன்னிக்கு மொத்தமா எவ்ளோ தண்ணி தொடப்போகுதோ அவ்ளோவையும் ஒரே பாத்திரத்துல பிடிச்சு மருந்து போட்டு மூடி வச்சுடுங்க, அதுக்கப்புறம் ப்ரூ முடியற வரைக்கும் டேப் பக்கமே போகாதீங்க, இந்த ஒரு பழக்கத்துலயே பாதி கேஸ் தீந்துடும்.

"அதான் வோர்ட்டை (மால்ட்ல இருந்து வடிச்ச சாறு) ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கறோமே, போயிடாதா"ன்னு கேப்பாங்க. போகாது, ஏன்னா மேஷ்லயே தானியத்தோட உமிகிட்ட குளோரின் போய் சேந்துடுச்சு, கொதி வர்றதுக்கு முன்னாடியே மாறிடுச்சு, அப்புறம் கொதிக்க விட்டா குளோரின் போகும், குளோரோஃபீனால் போகும்னு நம்ப முடியாது. தானியத்த தொடறதுக்கு முன்னாடி தண்ணி சுத்தமா இருக்கணும்.

காரணம் ஆ: பிளீச் மிச்சம். பாட்டிலையோ ஃபெர்மென்டரையோ பிளீச்ல கழுவிட்டு சரியா அலசலன்னா தண்ணி எவ்ளோ நல்லதா இருந்தாலும் அதே வாடை வரும். டெஸ்ட் சுலபம்: கழுவி வச்ச பாத்திரத்துல குளோரின் இல்லாத தண்ணி ஒரு டம்ளர் ஊத்தி (கேம்ப்டன் போட்டது வேண்டாம், அது மிச்ச பிளீச்சையும் தீத்துடும்) சுழட்டி, அந்த தண்ணிய டெஸ்ட் கிட்ல பாருங்க. நிறம் வந்தா பாத்திரத்துல மிச்சம் இருக்கு. கலரு ஒரு நொடி பளிச்சுன்னு வந்து உடனே மறைஞ்சா "ஒண்ணும் இல்ல"ன்னு நினைக்காதீங்க, குளோரின் அளவுக்கு மீறி இருந்தா அதுவே கலரை வெளுத்துடும், தண்ணிய பத்து மடங்கு கலந்து திரும்ப பாருங்க. என்னோட அபிப்பிராயம், ப்ரூ சாமான் பக்கம் பிளீச்சே வேண்டாம், பாஸ்பாரிக் ஆசிட் வகை அலச வேண்டாத சானிடைசர் வாங்கிக்கங்க. பிளீச் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் அங்கங்க அரிச்சு புள்ளி போட்டுடும்.

இத மட்டும் கொட்டை எழுத்துல எழுதி ஒட்டி வைங்க: பிளீச்சோட ஆசிட் சானிடைசரையோ வினிகரையோ அம்மோனியா கிளீனரையோ சேக்காதீங்க. விஷ வாயு வரும், மூடின பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து. ஒண்ணுல கழுவினா நல்லா தண்ணி விட்டு அலசிட்டுதான் அடுத்தது. தப்பித்தவறி கலந்துட்டா நின்னு சுத்தம் பண்ணிட்டு இருக்காதீங்க, வெளிய காத்துக்கு வாங்க, மூச்சு திணறினா உடனே டாக்டர்.

காரணம் இ: ஹோஸ். செடிக்கு தண்ணி விடற ஹோஸ்ல ப்ரூ தண்ணி பிடிக்கறவங்க நிறைய. ரப்பர், சாதா பிளாஸ்டிக்ல இருக்கற ஃபீனால் வகையறா டேப் குளோரினோட சேந்து தண்ணி வெளிய வர்றப்பவே மருந்து வாடையோட வரும், வெயில்ல கிடந்த ஹோஸ்னா சொல்லவே வேண்டாம். டேப்ல இருந்து நேரா ஒரு டம்ளர், ஹோஸ் வழியா ஒரு டம்ளர், ரெண்டையும் பக்கத்து பக்கத்துல வச்சு மோந்து பாருங்க. வித்தியாசம் இருந்தா குடிநீருக்குன்னு விக்கற ஹோஸ் வாங்குங்க. இதுக்கு கேம்ப்டன் உதவாது, கெடுதல் ஹோஸுக்குள்ளயே நடந்து முடிஞ்சிருக்கும். ஹோஸ் இல்லாமலே ஒரு டேப்ல மட்டும் வாடை வந்தா, அந்த லைன்ல வாஷிங் மெஷினோ பாத்திரம் கழுவற மெஷினோ ரப்பர் குழாயில சேந்திருக்கான்னு பாருங்க, அதுல இருந்து பின்வாங்கி வரும். அத மூடிட்டு கொஞ்ச நேரம் தண்ணி ஓட விட்டு திரும்ப மோந்து பாருங்க. வாடை நின்னா பிளம்பரைக் கூப்பிட்டு பின்வாங்காத வால்வு போட சொல்லுங்க.

காரணம் ஈ: மாத்திரை செத்துப்போச்சு. மெட்டாபைசல்ஃபைட் ஈரம் பட்டா வீரியம் போகும். டப்பாவ தொறந்தா மூக்குல சுர்ருன்னு ஏறணும், ஏறலன்னா தூக்கி போடுங்க. ஏறினாலும் உறுதி இல்ல, மருந்து போட்ட தண்ணிய டெஸ்ட் கிட்ல பாத்துடுங்க, டோட்டல் குளோரின் பூஜ்யம் வரணும்.

இத்தனையும் பாத்தும் முடிவுக்கு வர முடியலன்னா ஜாடி டெஸ்ட் பண்ணுங்க, முழு பேட்ச் வீணாக்காம ஒரு மணி நேரத்துல தெரியும். ரெண்டு ஜாடி, ரெண்டுலயும் ஒரு பிடி நொறுக்கின மால்ட். ஒண்ணுல டேப் தண்ணிய நேரா 65 டிகிரிக்கு சுட வச்சு ஊத்துங்க, இன்னொண்ணுல கேம்ப்டன் போட்ட தண்ணிய அதே சூட்டுல ஊத்துங்க. மூடி இறுக்கி துண்டுல சுத்தி ஒரு மணி நேரம் வைங்க. ஆறினதும் எது எதுன்னு தெரியாதபடி வேற யாரையாவது நீட்ட சொல்லி மோந்து பாருங்க. ஒண்ணு சூடான பிஸ்கட் வாடையா இருந்து இன்னொண்ணுல அதுக்கு அடியில காரமா மருந்து கீறினா தண்ணிதான் குத்தவாளி. வித்தியாசம் தெரியலன்னா தண்ணிய விட்டுட்டு மறுபடி ஆ, இ பக்கம் தேடுங்க.

## அறிகுறி 3: ராத்திரி முழுக்க வச்சேன், கொதிக்கவும் வச்சேன், டெஸ்ட்ல இன்னும் நிறம் வருது

குளோரமின். தண்ணி குடுக்கறவங்க குளோரினோட அம்மோனியா சேத்து விடறாங்க, குழாய்ல ரொம்ப தூரம் தாங்கணும்னு. அதே தாங்குற குணம்தான் நமக்கு தொல்லை, வச்சாலும் போகாது, கொதிச்சாலும் சட்டுனு போகாது.

உறுதி பண்றது: டி.பி.டி. கிட்ல இருக்கற டெஸ்ட் குழாய்ல தண்ணி எடுத்து கிட்டோட முதல் மாத்திரைய நசுக்கி போடுங்க, அது ஃப்ரீ குளோரின். லேசா ரோஸ் கலர் வரலாம், வராமயும் இருக்கலாம், உடனே படிச்சுடுங்க, நேரம் ஆனா குளோரமினும் மெல்ல கலர் குடுக்க ஆரம்பிக்கும். அதே குழாய்ல 3ன்னு எழுதின மாத்திரையையும் போட்டு கிட்ல சொன்ன நேரம் காத்திருங்க, அது டோட்டல். முதல்ல வெளிறிப்போய் இருந்த தண்ணி இப்ப நல்லா சிவந்தா ரெண்டுக்கும் இருக்கற வித்தியாசம்தான் குளோரமின். மஞ்சள் கலர் காட்டற பழைய வகை சொட்டு மருந்து ரெண்டையும் பிரிச்சு காட்டாது, அதனால இந்த வேலைக்கு அது ஆகாது.

கிட் இல்லன்னா தண்ணி அலுவலகத்துல கேளுங்க, கேள்விய இப்படி கேளுங்க: "குளோரினா குளோரமினா, வருஷத்துல எப்பவாவது மாத்துவீங்களா?" ரெண்டாவது பாதிதான் முக்கியம், அறிகுறி 6ல சொல்றேன்.

சரி பண்றது: கேம்ப்டன், அதே கால் மாத்திரை, அதே 20 லிட்டர். குளோரமினுக்கு தனியா அளவு கூட்ட வேண்டாம். சல்ஃபைட் ஒத்துக்காதவங்க வீட்ல இருந்தா, ஆஸ்துமா இருக்கறவங்கள்ல சிலருக்கு ஒத்துக்காது, வைட்டமின் சி போடுங்க, 1 மில்லிகிராம் குளோரினுக்கு 2.5 மில்லிகிராம் அஸ்கார்பிக் ஆசிட், அதாவது லிட்டருக்கு 3 மில்லிகிராம் குளோரின் இருக்கற 20 லிட்டருக்கு 150 மில்லிகிராம். சுத்தமான பொடியா வாங்குங்க, ஆரஞ்சு சுவை போட்ட சப்பற மாத்திரை வேண்டாம். மீன் தொட்டிக்கு விக்கற குளோரின் நீக்கி திரவத்த ப்ரூல ஊத்தாதீங்க, அதுல மீனுக்குன்னு வேற என்னென்னமோ சேத்திருப்பாங்க, அது மனுஷன் குடிக்கறதுக்கு இல்ல.

இதுக்கு ஆளைக் கூப்பிட வேண்டிய அவசியமே வராது. குளோரமினுக்காக பெரிய ஃபில்டர் மாட்டணும்னு யாராவது சொன்னா, மாசத்துக்கு ஒரு பேட்ச் போடற வீட்டுக்கு அது தேவையில்லாத செலவுன்னு நான் அடிச்சு சொல்வேன்.

## அறிகுறி 4: கார்பன் ஃபில்டர் மாட்டியிருக்கேன், இருந்தும் வாடை

தண்ணி வேகம். முதல்ல இதைத்தான் பாக்கணும், காசே ஆகாது. கார்பன் வேலை செய்ய தண்ணி அதோட கொஞ்ச நேரம் இருக்கணும். 10 அங்குல கார்ட்ரிட்ஜ்னா குளோரினுக்கு நிமிஷத்துக்கு சுமார் 4 லிட்டர்னு வழக்கமா கணக்கு சொல்வாங்க, குளோரமின்னா அதுல பத்துல ஒரு பங்கு, அதாவது சன்னமா ஒழுகற அளவு. பெரும்பாலானவங்க டேப்பை முழுசா தொறந்துவிட்டு 30 லிட்டரை சடசடன்னு பிடிச்சுடுவாங்க. ஒரு லிட்டர் அளவு கிண்ணத்தையும் போன்ல இருக்கற ஸ்டாப்வாட்ச்சையும் வச்சு அளந்து, டேப்பை குறைச்சு, வெளிய வர்ற தண்ணிய டெஸ்ட் பண்ணுங்க. முதல் லிட்டர்ல ஒண்ணு, கடைசி லிட்டர்ல ஒண்ணு. முதல்ல பூஜ்யம், கடைசியில நிறம்னா கார்ட்ரிட்ஜ் தளந்துடுச்சு.

வளையம். ஹவுசிங்ல இருக்கற ரப்பர் ஓ-ரிங் மடங்கியிருந்தாலோ கார்ட்ரிட்ஜ் கோணலா உக்காந்திருந்தாலோ தண்ணி கார்பனை தொடாம ஓரமா ஓடிடும். கழட்டி, துடைச்சு, நேரா வச்சு மூடுங்க.

கார்ட்ரிட்ஜ் வயசு. தேதி எழுதி ஒட்டி வைக்கலன்னா இன்னிக்கே மாத்திட்டு தேதி எழுதுங்க. புதுசு மாட்டினதும் வர்ற முதல் கறுப்பு தண்ணிய தெளியற வரைக்கும் விட்டுடுங்க. சுடுதண்ணிய அதுல விடவே கூடாது. வாரக்கணக்கா சும்மா கிடந்த ஃபில்டர்ல பூஞ்சை வாடை வந்தா நல்லா ஓட விட்டு பாருங்க, போகலன்னா கார்ட்ரிட்ஜ் மாத்துங்க.

குளோரமின். சாதா கார்பன் மெதுவாதான் எடுக்கும், கேட்டலிட்டிக் கார்பன்னு தனி வகை இருக்கு, விலை ஜாஸ்தி. ஃபில்டர் தண்ணிக்கு மேல ஒரு சிட்டிகை கேம்ப்டன் போட்டா அந்த செலவும் மிச்சம், ஒண்ணும் கெட்டுப்போகாது.

ஒரு எச்சரிக்கை, குளோரின் எடுத்த தண்ணிக்கு பாதுகாப்பு கிடையாது, இன்னிக்கு வடிகட்டி அடுத்த வாரம் ப்ரூ பண்றதுன்னு வச்சிருக்காதீங்க, கிருமி வளரும்.

ஆர்.ஓ. மெஷின் இருந்தா: மெம்ப்ரேனை குளோரின் அரிச்சுடும், அத காப்பாத்தறது அதுக்கு முன்னாடி இருக்கற கார்பன்தான், குளோரமினையும் மெம்ப்ரேன் முழுசா நிறுத்தாது. அதனால ஆர்.ஓ. தண்ணியிலயே டெஸ்ட்ல நிறம் வந்தா முன் கார்பன் தீந்துடுச்சுன்னு அர்த்தம். அத மட்டும் மாத்தி, டி.டி.எஸ். (தண்ணியில கரைஞ்சிருக்கற உப்பு அளவு) பாருங்க. டி.டி.எஸ். முன்ன இருந்தத விட நல்லா ஏறியிருந்தா மெம்ப்ரேனும் போயிருக்கலாம், இங்கதான் சர்வீஸ் ஆளைக் கூப்பிடணும். கூப்பிடறப்ப ரெண்டு நம்பரையும் சொல்லுங்க, முன் கார்பனுக்கு அப்புறம் குளோரின் எவ்ளோ, வெளிய வர்ற தண்ணியில டி.டி.எஸ். எவ்ளோன்னு, அப்பதான் தேவையில்லாததையும் சேத்து மாத்த மாட்டாங்க.

## அறிகுறி 5: மாத்திரை போட்டதும் தீக்குச்சி கிழிச்ச வாடை

அளவு கூடிடுச்சு. பதறாதீங்க, 20 லிட்டருக்கு கால் மாத்திரைக்கு பதிலா ஒரு முழு மாத்திரை விழுந்தாலும் பேட்ச் போகாது. நல்லா கிளறி காத்து பட விடுங்க, சூடு பண்றப்ப இன்னும் போகும், வோர்ட் கொதிக்கறப்ப மிச்சமும் போகும். கொதிக்க வைக்காம பண்ற வகைக்கு மட்டும், அதாவது மீட் (தேன் ஒயின்), சைடர் (ஆப்பிள்ல பண்றது), கொம்புச்சா (புளிக்க வச்ச டீ), ஈஸ்ட்டோ கல்ச்சரோ போடறதுக்கு முன்னாடி மூடாம ஒரு நாள் விட்டுடுங்க. கைநிறைய விழுந்துட்டா யோசிக்காம கொட்டிட்டு புது தண்ணி பிடிங்க.

ஈஸ்ட் ஓடறப்ப அழுகின முட்டை வாடை வந்தா அது பெரும்பாலும் ஈஸ்ட் விடறது, கால் மாத்திரை மேல பழி போடாதீங்க, ஃபெர்மென்டேஷன் முடியறப்ப தானா போகும்.

ஈஸ்ட் கிளம்பவே இல்லன்னா குளோரினை கடைசியில சந்தேகப்படுங்க, டேப்ல இருக்கற அளவு முழு பாக்கெட் ஈஸ்ட்டை கொல்லாது. வோர்ட் சூடு, ஈஸ்ட் தேதி, பிளீச் மிச்சம், அப்புறம் சல்ஃபைட், இந்த வரிசையில பாருங்க.

## அறிகுறி 6: ஒரு வருஷமா நல்லா இருந்தது, திடீர்னு ஒரு பேட்ச் மட்டும் கெட்டுப்போச்சு

நீங்க எதையும் மாத்தல, தண்ணி மாறியிருக்கு. குளோரமின் போடற சில நிர்வாகங்கள் குழாய் சுத்தம் பண்ண சில வாரம் வெறும் குளோரினுக்கு மாறுவாங்க, அப்ப வாடையும் ஏறும். பெரிய மழைக்கு அப்புறமும், குழாய் உடைஞ்சு சரி பண்ணப்பவும் அளவு கூட்டுவாங்க. குளோரின் மட்டும் போட்டுட்டு இருந்த இடம் நிரந்தரமா குளோரமினுக்கு மாறவும் செய்யும், அப்ப ராத்திரி வச்சு ஓட்டிட்டு இருந்தவங்க எல்லாம் ஒரே சமயத்துல மாட்டுவாங்க.

டெஸ்ட்: ஒவ்வொரு ப்ரூ நாளும் தண்ணி பிடிச்ச உடனே ஃப்ரீ, டோட்டல் ரெண்டையும் பாத்து நோட்ல எழுதுங்க. அஞ்சு நிமிஷ வேலை. வாடை வந்த பேட்ச்சோட நம்பரை மத்த நாள் நம்பரோட வச்சு பாத்தா கதை தெரியும். அளவு 3 மில்லிகிராம் தாண்டியிருந்தா கால் மாத்திரைக்கு பதிலா அரை போடுங்க, போட்டதுக்கு அப்புறம் ஒரு தடவ டோட்டல் பாருங்க.

நம்பரும் மாறல, வாடை மட்டும் வந்துச்சுன்னா அன்னிக்கு புதுசா என்ன தொட்டதுன்னு பாருங்க, புது ஹோஸ், புது பிளாஸ்டிக் பம்ப், வேற யாரோ கழுவிக் குடுத்த பாட்டில்.

தண்ணி மண் வாடையோ பாசி வாடையோ அடிச்சா அது வேற, பாசியில இருந்து வர்ற பொருள், அதுக்கு கேம்ப்டன் ஒண்ணும் பண்ணாது, கார்பன்தான். தண்ணி கலங்கலா, நிறம் மாறி, பெட்ரோல் வாடையோ பெயின்ட் வாடையோ வந்தா அன்னிக்கு ப்ரூவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம், சுத்தமான கண்ணாடி பாட்டில்ல ஒரு லிட்டர் பிடிச்சு மூடி தேதியும் நேரமும் எழுதி வச்சுட்டு தண்ணி அலுவலகத்துக்கு சொல்லுங்க, லேப்ல பாக்கணும்னு அவங்க கேட்டா குடுக்க கையில இருக்கும்.